ராணி உட்காராத நாற்காலி

“இங்க பதினாலு நாற்காலி சும்மா கிடக்கு. நீங்க ஏன் மாமா நின்னுட்டே இருக்கீங்க?”

பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு குழந்தை இப்படிக் கேட்டது. அதற்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் அம்மாவோடு வேலைக்கு வந்திருந்தது. அம்மாவுக்கு அரண்மனை வாசலில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஆள் ஒருவர் உட்கார்ந்தாலே மூச்சு முட்டுகிற கூண்டுக்குள் குழந்தை எவ்வளவு நேரம்தான் இருக்கும்? படியேறி மேல்மாடிக்கு வந்தது. ராணியின் ஓய்வறையில் இருந்த நாற்காலிகளை விரல்விட்டு எண்ணியது. எண்ணி முடித்துவிட்டு அந்த அறையின் காவலரிடம் நியாயம் கேட்டது.

அந்த அரண்மனை அருங்காட்சியகமாகி அறுபது வருடம் ஆகிறது. ராஜா போனார், ராணி போனார், யானை போனது, யானைக்காரனும் போனான். ராணியின் அறையில் வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது என்கிற விதி மட்டும் போகவில்லை. அரசாங்கம் அரண்மனையை எடுத்துக்கொண்டபோது விதியையும் தூசு தட்டிச் சேர்த்து எடுத்துக்கொண்டது.

“உட்கார்ந்தா ராணி கோவிச்சுப்பாங்கம்மா” என்றார் காவலர்.

“அவங்கதான் செத்துட்டாங்களே.”

“அதனாலதான் பயம். உயிரோட இருந்தா சமாதானம் பண்ணிக்கலாம்.”

குழந்தை சிரிக்கவில்லை. அவருடைய வலது முட்டியைப் பார்த்தது. கால்சட்டைக்கு மேலேயே அந்த முட்டி ஒரு தேங்காய் மாதிரி தெரியும். வலி தாங்காமல் அவர் வலது காலைக் கொஞ்சம் தூக்கி, இடது காலில் நிற்பார். அதனால் அருங்காட்சியகத்தில் எல்லாருக்கும் அவர் கொக்குதான். பெரியவர்கள் ‘கொக்கு’ என்பார்கள், சின்னவர்கள் மரியாதை சேர்த்து ‘கொக்கண்ணே’ என்பார்கள். அவர் மனைவி மட்டும் அந்தப் பெயரை ஒப்புக்கொள்ளவில்லை. “கொக்கு நின்னா மீனாவது கிடைக்கும். நீங்க நின்னு என்னத்தைக் கண்டீங்க?” என்பாள்.

மறுநாள் காலை, கதவு திறப்பதற்கு முன்பே, டிக்கெட் கொடுக்கிற அம்மா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது.

“இதுல உட்காருங்கண்ணே. ராணியோடதுல உட்காரத்தானே சட்டம் தடுக்குது? இது என்னோடது.”

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“ராத்திரி பூரா எம் பொண்ணு தூங்க விடல. ‘மாமாவுக்கு ஒரு நாற்காலி குடுக்க மாட்டீங்களா’ன்னு ஒரே தொணதொணப்பு. வீட்ல சும்மாத்தான் கிடக்கு. துணி காயப் போடத்தான் ஆகுது.”

சாதாரண மர நாற்காலி. கை வைக்கிற இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. வலது கையில் கத்தியால் கீறின கோடுகள் வரிசையாக இருந்தன. காவலர் தடவிப் பார்த்தார்.

“அது அப்பா போட்ட இன்ச்சுக் கோடு” என்று அவள் சிரித்தாள். “அப்பா தையல்காரர். டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டே ஊரெல்லாம் டேப்பைத் தேடுவார். அதான் நாற்காலியிலேயே கோடு போட்டுட்டார். மொத்தம் பதினெட்டு. அரை அடிக்கு ஒரு கோடு மட்டும் நீளமா இருக்கும் பாருங்க. துணியை இப்படி வெச்சுப் பார்த்துட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே தெச்சுடுவார்.”

“அப்பா நினைவா இருக்கறதை எனக்குக் குடுக்கறியேம்மா.”

“அப்பாவே போயாச்சு. நாற்காலிய வெச்சு நான் என்ன பண்ண? ஒரு காலாவது ஆறட்டும்.”

அப்போது இருந்த காப்பாட்சியர் நல்ல மனிதர். நாற்காலியை இரண்டு மூன்று முறை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “கண்ணு வரவர மங்குது. இந்த மூலையில எனக்கு ஒண்ணுமே தெரியல” என்று சொல்லிவிட்டுப் போனார். விதியை மீறவும் இல்லை, முட்டியை மீறவும் இல்லை. இப்படிக் கண் மங்குகிற அதிகாரிகள் நாட்டுக்குப் பத்துப் பேர் இருந்தால் போதும்.

ஐந்து வருடம் காவலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி எதிர்ச் சுவரைப் பார்ப்பார். அங்கே ராணியின் பெரிய புகைப்படம் ஒன்று உண்டு. ராணி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலியின் கைப்பிடி நுனியில் கிளி மூக்கு மாதிரி ஒரு செதுக்கல். அந்தக் கிளி மூக்கு நாற்காலி எங்கே இருக்கிறது என்று காவலருக்குத் தெரியும். மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சாமான் அறையில், ஒரு கால் ஆடிப்போய், பெயிண்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு இருந்தது. வெள்ளையடிக்க வருகிறவர்கள் அதன்மேல் ஏறி நின்றுதான் ஒட்டடை அடிப்பார்கள். காவலர் ஒருமுறை அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தார். “அது உடைஞ்ச சாமான் லிஸ்ட்ல இருக்குய்யா. உடைஞ்சது ராணியோடதா இருக்க முடியுமா?” என்று கேட்டார்கள்.

அப்புறம் புதுக் காப்பாட்சியர் வந்தார்.

அவருக்குப் பலகை எழுதுவதில் ஆசை. ராஜாவின் வாளுக்குப் பலகை, வாளின் உறைக்குத் தனிப் பலகை, உறை தொங்குகிற ஆணிக்கு ‘அக்கால இரும்புத் தொழிலின் உச்சம்’ என்று ஒரு பலகை. ஆணி முந்தின வருடம் எலக்ட்ரீஷியன் அடித்தது. ஊழியர்கள் அவருக்கு ‘பலகை சார்’ என்று பெயர் வைத்தார்கள், நேரில் ‘சார்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

காவலர் முட்டி ஆபரேஷனுக்காக ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அரண்மனையில் பொருள் கணக்கெடுப்பு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த நாலு பேர் கையில் பித்தளைத் தகடுகளோடு அறை அறையாகப் போனார்கள். கண்ணில் பட்டதற்கெல்லாம் எண் அடித்தார்கள். ராணியின் அறையில் பதினைந்து நாற்காலி இருந்தது. பதினைந்துக்கும் தகடு அடித்தார்கள். தையல்காரரின் நாற்காலிக்குக் கிடைத்த எண் நானூற்றுப் பதிமூன்று.

காவலர் புது முட்டியோடு திரும்பி வந்தார். புது முட்டி பழையதைவிட அதிகமாக வலித்தது. உட்காரலாம் என்று மூலைக்குப் போனார். நாற்காலி அங்கே இல்லை. அறையின் நடுவில், ஒரு மேடைமேல், நாலு பக்கமும் சிவப்புக் கயிறு கட்டி, மேலே ஒரு விளக்கும் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் பலகை:

‘ராணியாரின் காத்திருப்பு நாற்காலி. கோட்டை முற்றுகையிடப்பட்டிருந்த பதினெட்டு நாட்களும் ராணியார் இதில் அமர்ந்து, நாளுக்கொரு கோடாகத் தம் குறுவாளால் கீறினார். ஆறு நாளைக்கு ஒருமுறை காணப்படும் நீண்ட கோடு, அன்று அவர் உண்ணாமல் இருந்ததைக் குறிக்கிறது.’

காவலர் இரண்டு முறை படித்தார். பிறகு நேரே கீழே இறங்கி டிக்கெட் கூண்டுக்குப் போனார். அவளும் பார்த்திருந்தாள்.

“எங்கப்பா ஒரு வேளை சாப்பாட்டைக்கூட விட்டதில்லைண்ணே” என்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்தும் அந்த நீர் நிற்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “விடுங்க. தையக்கூலி கேட்டா நாய் மாதிரி விரட்டின ஊரு. இப்ப அவர் நாற்காலிக்குக் கயிறு கட்டி வெச்சிருக்கு. இருக்கட்டும்.”

காவலரால் விட முடியவில்லை. தலைமைக் குமாஸ்தாவிடம் போய்ச் சொன்னார்.

“எண் அடிச்சாச்சாய்யா?” என்று கேட்டார் குமாஸ்தா.

“அடிச்சாச்சுங்க.”

“அப்ப அது ராணியோடதுதான். பதிவேட்டுல ஏறின எண்ணு, பேய் மாதிரி. ஏறினா இறங்காது.”

நாற்காலி புகழ் பெற்றது. வழிகாட்டி ஒருவன் இருந்தான், அவனுக்கு ரேடியோ என்று பெயர். திருகி அணைக்க முடியாத ரேடியோ. பலகையில் இருந்த பதினெட்டு நாள் அவன் வாயில் பதினெட்டு மாதமாகி, அடுத்த கோடை விடுமுறைக்குள் பதினெட்டு வருடமாகிவிட்டது. புதிதாகக் கல்யாணமானவர்கள் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பேராசிரியர் கோடுகளை அளந்து பார்த்து, எல்லாம் சரியாக ஒரே இடைவெளியில் இருப்பது ராணியின் மன உறுதியைக் காட்டுகிறது என்று கட்டுரை எழுதினார். அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே அளந்தவர், அது என்ன இடைவெளி என்று மட்டும் பார்க்கவில்லை. படித்தவர்களுக்கு நேரும் விபத்து இது.

காவலர் பக்கத்தில் நின்றார். தன் நாற்காலியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது அவர் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வாசலில் டிக்கெட் கொடுக்க ஒரு மெஷின் வந்தது. அது வந்த அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பூச்செண்டு ஒன்று கொடுத்தார்கள். அந்தச் செண்டு முந்தின மாதம் மந்திரிக்குக் கொடுத்து, அவர் விட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் செண்டு. போகிற அன்று மேலே வந்து காவலரிடம் சொல்லிக்கொண்டாள். நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தோடு கூட்டமாக அவள் வந்தாள். கையில் டிக்கெட் இருந்தது.

“நீ எதுக்கும்மா டிக்கெட் எடுத்தே? நேரா வர வேண்டியதுதானே?”

“பதினாறு வருஷம் கிழிச்சுக் குடுத்தவ, டிக்கெட் இல்லாம வந்தா நல்லாருக்குமாண்ணே? அந்த மெஷினே சிரிக்கும்.”

கயிற்றுக்கு வெளியே நின்று நாற்காலியைப் பார்த்தாள். ஐந்து நிமிடம். பிறகு போய்விட்டாள். அதற்கடுத்த மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும். வீட்டில் சும்மாக் கிடக்கிறது, துணி காயப் போடத்தான் ஆகிறது என்று அவள் அன்றைக்குச் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று காவலருக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பாவுடையது என்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அதைத் தூக்கி, முட்டி வலிக்கிறது என்று ஒரு வேற்றாளுக்குக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கு அதைப் பார்க்கக் காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறாள்.

அன்று முதல் காவலர் ராத்திரி படுக்கப் போகும்போது கடவுளிடம் ஒரு வரி கூடுதலாகச் சொன்னார். “என் முட்டியை நீ பார்க்க வேண்டாம், சாமி. அந்த நாற்காலியை அவ வீட்டுக்குச் சேர்த்துடு.”

கடவுள் கேட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் அனுப்பிவைத்த ஆள் சின்ன ராஜா.

சின்ன ராஜாவுக்கு வயது அறுபத்தைந்து. ராஜவம்சத்தின் கடைசிக் கிளை. இப்போது அவர் ஆள்வது நாற்பது அறை கொண்ட ஒரு ஹோட்டல். அதன் முன்கூடத்தில் வைக்கப் பழைய சாமான் தேடிக்கொண்டிருந்தார். பேராசிரியரின் கட்டுரை எப்படியோ அவர் கைக்குக் கிடைத்தது. உடனே அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த நாற்காலியில்தான் அவருடைய கொள்ளுப்பாட்டியான ராணி அவரை மடியில் வைத்துச் சோறு ஊட்டினாராம். கொள்ளுப்பாட்டி இறந்து பதினேழு வருடம் கழித்துப் பிறந்தவர் அவர். மேலிடத்தில் யாரையோ பார்த்தார். குடும்ப உணர்வுகளை மதித்து நாற்காலியை நிரந்தரக் கடனாக அவரிடம் ஒப்படைக்கலாம் என்று உத்தரவு வந்தது. அடுத்த திங்கட்கிழமை, அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை நாளில், எடுத்துப் போவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் முதல் ஞாயிறு. அவள் வந்தாள். காவலர் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

அவள் நாற்காலியைப் பார்த்தபடியே கேட்டாள். “ஹோட்டல்ல உள்ள விட டிக்கெட் உண்டாண்ணே?”

“அங்க காப்பி குடிச்சாத்தான் உட்கார விடுவாங்கம்மா. ஒரு காப்பி நம்ம ஒருநாள் கூலி.”

“அப்ப இன்னிக்குக் கொஞ்சம் கூட நேரம் பார்த்துட்டுப் போறேன்” என்றாள்.

அரைமணி நேரம் நின்றாள். அன்று காவலர் வேறு யாரையும் கயிற்றின் அவள் நின்ற பக்கம் நிற்க விடவில்லை. “தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க” என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் காப்பாட்சியர் அறைக்குப் போனார். எழுதிக் கொண்டுவந்த தாளை மேசைமேல் வைத்தார். நாற்காலி யாருடையது, எப்படி வந்தது, கோடுகள் என்ன என்று எல்லாம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. சொந்தச் சாமானைக் காட்சி அறையில் வைத்ததற்கு என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியும்.

பலகை சார் படித்தார். முகம் முதலில் சிவந்தது, அப்புறம் வெளுத்தது.

“இதை வேற யாருக்காவது காட்டினியா?”

“இல்ல சார். என்னைத் தண்டிச்சுக்குங்க. நாற்காலிய அந்தம்மாகிட்டக் குடுத்துடுங்க.”

“உன்னை எப்படிய்யா தண்டிக்கிறது? தண்டிச்சா நீ தப்புப் பண்ணினேன்னு எழுதணும். தப்புன்னு எழுதினா நாற்காலி பொய். நாற்காலி பொய்யானா பலகை பொய், பேராசிரியர் பொய், மேலிடத்து உத்தரவு பொய்.” தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “அதனால உன்னை மன்னிச்சாச்சு. போ.”

மன்னிப்பு இவ்வளவு கனமாக இருக்கும் என்று காவலருக்கு அதுவரை தெரியாது. மேலே ராணியின் அறைக்குப் படியேறினார்.

பத்து மணிக்குச் சின்ன ராஜா வந்தார். கூடவே பழைய மரச்சாமான் வியாபாரி ஒருவர், வெற்றுடம்பில் துண்டு போட்டது மாதிரி ஒரு தொளதொளச் சட்டையோடு. நாற்காலிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க விலை மதிப்புச் சொல்வதற்காக அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். பலகை சார் தன் கையால் சிவப்புக் கயிற்றை அவிழ்த்தார்.

சின்ன ராஜா உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆஹா! கொள்ளுப்பாட்டி மடியே தான். அந்தச் சூடு இன்னும் இருக்கு.”

“இருக்கும், இருக்கும். மேல லைட்டு எரியுதில்ல?” என்றார் வியாபாரி.

சின்ன ராஜா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுக்க அடியில் கை கொடுத்தார். அடுத்த நொடி, ராஜவம்சத்தில் இதுவரை யாரும் போட்டிராத ஒரு கூச்சல் போட்டு எழுந்து நின்றார். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

வியாபாரி நாற்காலியைக் கவிழ்த்தார். உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு கம்பளித் துணிப் பட்டை ஒட்டியிருந்தது. அதில் வரிசையாக ஏழெட்டு ஊசிகள் குத்தியிருந்தன.

“ராணியாரின் பூத்தையல் ஊசிகள்!” என்று பலகை சார் நாத்தழுதழுக்கக் கூவினார். அவர் மனதுக்குள் அடுத்த பலகை உருவாகிக்கொண்டிருந்தது. “காத்திருந்த நாட்களில் ராணியார் பூத்தையல் போட்டிருக்கிறார்!”

“இருங்க சார், கீழ பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு.” வியாபாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார். “மார்பு நாற்பத்திரெண்டு. காலர் பதினாறு. ரெண்டு பாக்கெட். செவ்வாய்க்கிழமை கண்டிப்பாத் தரணும்.”

பலகை சார் கவிழ்ந்த நாற்காலியின் பக்கம் குனிந்து எட்டிப் பார்த்தார்.

“உங்க கொள்ளுப்பாட்டி ரெண்டு பாக்கெட் வெச்சுச் சட்டை போடுவாங்களா?” என்று வியாபாரி சின்ன ராஜாவைக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தொழில் சுத்தத்தோடு கேட்டார். பிறகு நாற்காலிக் கையில் இருந்த கோடுகளின்மேல் கட்டை விரலை ஓட்டினார். “ஒரு இன்ச்சு, ஒரு இன்ச்சு… ஆறுக்கு ஒரு பெரிசு. அட! இது தையக்காரர் நாற்காலி. ஐம்பது வருஷம் இருந்தா அதிகம். நல்ல உழைப்பாளியா இருந்திருக்கார், கை தேஞ்ச தேய்ப்பு அப்படி. விலைன்னு சொன்னா…”

“விலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!” சின்ன ராஜா கைக்குட்டையால் விரலைக் கட்டிக்கொண்டார். “என்னை ஒரு தையக்காரன் நாற்காலியில உட்கார வெச்சீங்களா?”

தன் உடம்பில் இருந்த சட்டை, கால்சட்டை, கோட்டு எல்லாம் எங்கிருந்து வந்தன என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கொள்ளுப்பாட்டியின் மடியை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். நாற்காலி வேண்டாம் என்று சாயங்காலத்துக்குள் எழுத்தில் அனுப்பிவிட்டார். இடப்பற்றாக்குறை என்று காரணம் எழுதியிருந்தார்.

வியாபாரி கடைசியாகப் போனார். போகும்போது நாற்காலியை நிமிர்த்தி வைத்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். பலகை சார் மேடையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராணியின் அறையில் உட்காரக் கூடாது என்ற விதி அப்போது அவருக்கு ஞாபகம் இல்லை. காவலர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்க அவருக்குப் பழக்கம் இல்லை.

“அடுத்த மாசம் தணிக்கைக்கு வர்றாங்க” என்றார் பலகை சார், தண்ணீரைக் குடித்துவிட்டு. “நானூத்திப் பதிமூணு எங்கன்னு கேப்பாங்க. இல்லன்னா என் வேலை போச்சு. இருந்தா மானம் போச்சு.” பிறகு பைக்குள்ளிருந்து நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்து, காவலரிடம் திருப்பிக் கொடுத்தார். “நானூத்திப் பதிமூணுன்னு ஒரு நாற்காலி இங்க இருக்கணும். எந்த நாற்காலின்னு நான் கேக்கப் போறதில்ல. இது மட்டும் என் கண்ணுல படக் கூடாது.”

“சரிங்க சார்.”

“உனக்கு… முட்டி எப்படி இருக்கு?”

ஆறு வருடத்தில் முட்டியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. “இருக்குதுங்க சார்” என்றார் காவலர்.

அன்று முழுவதும் காவலர் சாமான் அறையில் வேலை செய்தார். கிளி மூக்கு நாற்காலியின் மேலிருந்து பெயிண்ட் டப்பாக்களை இறக்கினார். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். வெள்ளை, நீலம், காவி என்று அறுபது வருட அரசாங்கச் சுண்ணாம்பு அடுக்கடுக்காக உரிந்து வந்தது. ஆடின காலுக்கு ஆப்பு வைத்து இறுக்கினார். தையல்காரர் நாற்காலியிலிருந்த பித்தளைத் தகட்டை நெம்பி எடுத்து, இதில் அடித்தார். மேலே கொண்டுபோய் மேடையில் வைத்துவிட்டுப் புகைப்படத்தைத் திரும்பிப் பார்த்தார். உயிரோடு இருந்த நாளிலும் அந்த ராணி சிரித்ததாகத் தெரியவில்லை. இப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் பலகை முதல்முறையாகப் பாதி உண்மையாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ரேடியோ முதல் கூட்டத்தோடு உள்ளே வந்தான். வழக்கம்போல ஆரம்பித்து, கோடுகளைக் காட்டக் கையை நீட்டினான். கோடுகள் இல்லை. நாற்காலியையும் காவலரையும் மாறி மாறிப் பார்த்தான். காவலர் ஜன்னலைப் பார்த்தார். ரேடியோ இரண்டே மூச்சு திணறினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“பதினெட்டு வருஷம் கழிச்சு ராஜா திரும்பி வந்தப்போ, ராணி அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? ஒவ்வொரு கோட்டையும் தன் கண்ணீராலேயே அழிச்சாங்க! பாருங்க, ஒரு கோடுகூட இல்ல!”

கூட்டம் எட்டிப் பார்த்து, அழிந்த கோடுகளைக் கண்டு உருகியது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே பலகையில் அதற்கேற்ப ஒரு வரி ஏறியது.

புதன்கிழமை காவலர் அரைநாள் விடுப்பு எடுத்தார். புதன்கிழமை காலைகளில் அவள் ஆஸ்பத்திரிக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போவாள் என்று தெரியும். வரிசை நீளம், மதியத்துக்கு முன் திரும்ப மாட்டாள். மகள் கல்லூரிக்குப் போயிருக்கும். தானே கொடுத்ததைக் கையில் திருப்பிக் கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள்; “உங்க முட்டிக்கு வெச்சுக்குங்கண்ணே” என்பாள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஒரு தள்ளுவண்டியை வாடகைக்கு எடுத்து, நாற்காலியைத் துணியால் மூடித் தெருமுனைவரை கொண்டுவந்தார். வண்டிக்காரரை அங்கேயே அனுப்பிவிட்டார். அவள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. படிகள் ஐம்பத்து நாலு. நாற்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். ஒரு படி இடது கால், அப்புறம் வலது காலை இழுத்துச் சேர்த்து வைப்பார், அப்புறம் ஒரு மூச்சு. ஒவ்வொரு மாடியிலும் நாற்காலியை இறக்கி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை. நடுவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்ற பயம். படிக்கட்டில் யாரும் வரவில்லை. ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. பக்கத்து ஜன்னலின் திரை பாதி விலகியிருந்ததால் உள்ளே தெரிந்தது. ஒரு தையல் மெஷின். அதன்மேல் பாதி தைத்த தலையணை உறைகள். மெஷினுக்கு முன்னால், உட்காருவதற்கு, கவிழ்த்துப் போட்ட ஒரு பெயிண்ட் டப்பா.

காவலர் நாற்காலியைக் கதவை ஒட்டி வைத்தார். துணியை எடுத்து, கை, முதுகு, கால் எல்லாம் துடைத்தார். தகடு அடித்த இடத்தில் இருந்த நாலு ஆணி ஓட்டைகளை நேற்றே மெழுகு வைத்து அடைத்திருந்தார். குனிந்து அடியில் கை கொடுத்துப் பார்த்தார். ஊசிகள் இருந்தன. பென்சில் எழுத்தும் அழியவில்லை.

பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு. வலது காலை மெல்ல நீட்டினார். கை தானாகக் கோடுகளின்மேல் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினெட்டுவரை எண்ணினார். “நல்லா இருங்க ஐயா” என்று, பார்த்திராத அந்தத் தையல்காரருக்குச் சொன்னார்.

எழுந்தார். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, கதவைத் திறந்ததும் எதிரே தெரிகிற மாதிரி வைத்தார். மணியடிக்காமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார்.